மறைந்த நோயும் மறைத்த நோயும்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்வாண்டு விழாவையொட்டி நம் அறக்கட்டளை ஒரு மருத்துவ முகாம் நடத்த எண்ணியுள்ளது. நாற்பது வயது கடந்த அனைவர்க்கும் கட்டணமின்றி வயிற்று ஸ்கேன் எடுத்துத் தருவது என்பது திட்டம். உள்ளே மறைந்திருக்கும் நோயை முன்னரே கண்டறிவதன் பயனைப் பற்றிப் பேசுமாறு அறங்காவலர்கள் என்னைப் பணித்தார்கள். நான் மருத்துவர் அல்லேன். தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். ஆயினும் பேச ஒப்புக்கொண்ட பொருளைப் படித்தும், மருத்துவர்களை அணுகிக் கேட்டும் இயன்றவரை அறிந்து வந்துள்ளேன். முகாமின் நோக்கத்தை முழுமனத்தோடு வரவேற்கிறேன். அதன் வடிவம் சற்று மாறவேண்டும் என்பதே இந்த அவையின் முன் நான் வைக்கும் வேண்டுகோள்.

நம் அறநூல்கள் தானத்தை நான்காக வகுத்தன. உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என்பன அவை. அவற்றுள் மருந்துதானத்திற்கு நம் முன்னோர் அளித்த இடம் பெரிது. காரியாசான் அறம் உரைக்க எழுதிய நூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்று பெயரிட்டார். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்னும் ஐந்து வேர்களாலான மருந்தின் பெயர் அது. கணிமேதாவியார் ஏலம் முதலாகிய ஆறு பொருள்கள் சேர்ந்த மருந்தின் பெயரை ஏலாதி என்று தம் நூலுக்குச் சூட்டினார். உள்ளத்து நோயைத் தீர்க்கும் நூலுக்கு உடல் நோயைத் தீர்க்கும் மருந்தின் பெயர்! இருவரும் நம் சமயத்துச் சான்றோர். எனவே மருத்துவ முகாம் நமக்குப் புதிதன்று. மருந்து இன்று வேராகவும் பட்டையாகவும் மட்டும் இல்லாமல் கருவியாகவும் வந்துள்ளது, அவ்வளவே வேறுபாடு.

அந்தக் கருவியின் வரலாறு சுவையானது. மனிதச் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். அதற்கு மேற்பட்ட ஒலியை மீயொலி என்கிறோம். ஸ்கேன் கருவி அனுப்பும் ஒலியோ நொடிக்குப் பல இலட்சம் அதிர்வுகள் உடையது. அது உடலுக்குள் சென்று, ஒவ்வோர் உறுப்பின் எல்லையிலும் மோதி, எதிரொலியாகத் திரும்புகிறது. மலையடிவாரத்தில் நின்று கூவினால் குரல் திரும்பி வருவதைப் போன்றது இது. திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு கணினி படம் வரைகிறது. எக்ஸ்ரேயில் உள்ள கதிர்வீச்சு இதில் இல்லை. ஊசி இல்லை, வலி இல்லை.

உலோகத்தில் உள்ள கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டறியத் தொழிற்சாலைகளில் பயன்பட்ட கருவி இது. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டு என்னும் மகப்பேற்று மருத்துவர் அதனை மனித உடலுக்குப் பயன்படுத்த முயன்றார். டாம் பிரௌன் என்னும் பொறியாளரும் ஜான் மக்விக்கர் என்னும் மருத்துவரும் துணை நின்றனர். அக்காலத்தில் ஒரு பெண்மணியின் வயிறு பெரிதாக வீங்கியிருந்தது. தீர்க்க இயலாத புற்றுநோய் என்று முடிவு செய்திருந்தார்கள். டொனால்டு தம் கருவியை வைத்துப் பார்த்தபோது, அது புற்றுநோய் அன்று, சூலகத்தில் உண்டான பெரிய நீர்க்கட்டி என்று தெரிந்தது. கட்டியை நீக்கினர், அப்பெண்மணி பிழைத்தார். இந்த ஆய்வுகளெல்லாம் 1958ஆம் ஆண்டில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தன. இன்று சிற்றூர்களை அடுத்த நகரங்களிலும் ஸ்கேன் நிலையம் உள்ளதென்றால் அதன் தொடக்கம் இதுதான்.

இவ்வரலாற்றில் ஒன்றை நீங்கள் நோக்கவேண்டும். அப்பெண்மணி நோயின்றி நலமாக இருந்தவர் அல்லர். வீக்கம் என்னும் அறிகுறியோடு வந்தவர். அறிகுறி உள்ளவர்க்குச் செய்யும் சோதனை வேறு. அறிகுறி ஏதுமில்லாதவரை வரிசையில் நிறுத்திச் செய்யும் சோதனை வேறு. முன்னதன் பயனில் ஐயமே இல்லை. பின்னது சில நோய்களில் உயிர் காக்கிறது. சில நோய்களில் ஒரு பயனும் தருவதில்லை. சில நோய்களில் தீங்கே செய்கிறது. மூன்றுக்கும் உலக அனுபவத்திலிருந்து ஒவ்வொரு சான்று தருகிறேன்.

முதலில் உயிர் காத்த சான்று. இதயத்திலிருந்து வயிற்றின் வழியே இறங்கும் பெருந்தமனி ஏறத்தாழ 2 செ.மீ. அகலமுடையது. முதுமையில், குறிப்பாகப் புகைபிடித்த ஆடவர்க்கு, அது மெல்ல வீங்கக்கூடும். வலி இராது. ஒருநாள் வெடித்தால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. இங்கிலாந்தில் 65 முதல் 74 வயது வரையிலான 67,800 ஆடவரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. பாதிப்பேருக்கு ஸ்கேன் அழைப்பு அனுப்பினர், பாதிப்பேருக்கு அனுப்பவில்லை. நான்கு ஆண்டுகளில், அழைக்கப்பட்டவரிடையே இந்த வீக்கத்தால் நேர்ந்த இறப்பு 42 விழுக்காடு குறைந்திருந்தது. 2002இல் முடிவு வெளியாயிற்று. இன்று அந்நாட்டில் 65 வயதை அடையும் ஒவ்வோர் ஆடவர்க்கும் அரசு ஒருமுறை ஸ்கேனுக்கு அழைப்பு அனுப்புகிறது. ஒரு நோய், ஒரு வயது, ஒருமுறை சோதனை, வீக்கம் 5.5 செ.மீ. அளவை எட்டினால் என்ன செய்வது என்பதும் முன்னரே வகுக்கப்பட்டுள்ளது.

அடுத்து, பயன் தராத சான்று. சூலகப் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பிறகே தெரியவரும் கொடிய நோய். ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்தால் முன்னரே பிடித்துவிடலாமே என்று நாம் எல்லோரும் நினைப்போம். இங்கிலாந்து மருத்துவரும் அவ்வாறே நினைத்தனர். மாதவிடாய் நின்ற இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். 2021இல் வந்த முடிவு என்ன? அறிகுறி இல்லாத பெண்களுக்கு ஆண்டுதோறும் செய்த ஸ்கேனும் இரத்தச் சோதனையும் அந்நோயால் நேரும் இறப்பைக் குறைக்கவில்லை. முன்னரே காண்பது வேறு. கண்டதனால் உயிர் காப்பது வேறு.

மூன்றாவது, தீங்கு செய்த சான்று. தென்கொரியாவில் 1999இல் அரசு புற்றுநோய்ச் சோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு ஸ்கேன் அத்திட்டத்தில் இல்லை. ஆனால் மருத்துவமனைகள் சிறுகட்டணம் பெற்று அதனையும் சேர்த்துச் செய்யத் தொடங்கின. 2011ஆம் ஆண்டில் அங்குத் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்பட்டோர் விகிதம் 1993ஐப் போல் 15 மடங்கு ஆயிற்று. அவ்வோராண்டில் மட்டும் நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர். ஆனால் அந்நோயால் இறந்தோர் எண்ணிக்கை மாறவே இல்லை. அதாவது, வாழ்நாள் முழுதும் ஒரு தொல்லையும் தராமல் கழுத்துக்குள் கிடந்திருக்கும் சிறு கட்டிகளையே பெரும்பாலும் கண்டெடுத்திருந்தனர். கண்டபின் சும்மா இருக்க முடியுமா? ஏறக்குறைய அனைவர்க்கும் அறுவை நடந்தது. அறுவை செய்துகொண்டோரில் நூற்றுக்குப் பதினொருவர்க்குச் சுண்ணாம்புச் சத்தைக் காக்கும் சிறு சுரப்பிகள் கெட்டன. இருவர்க்குக் குரல்நாண் செயலிழந்தது. பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் மாத்திரை உண்ணவேண்டியவர் ஆயினர். 2014இல் அந்நாட்டு மருத்துவரே எழுந்து தடுத்தபின்தான் இது குறைந்தது.

நோயற்றவரை நோயாளி ஆக்குவதும் ஒரு துன்புறுத்தலே அன்றோ? ஓருயிர்க்கும் ஊறு செய்யாமையை முதல் விரதமாகக் கொண்ட நாம் இதனை எளிதாக எடுத்துக்கொள்ளலாகாது.

1968இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஒரு நூலில், எந்த நோய்க்கு இத்தகைய சோதனை செய்யலாம் என்பதற்குப் பத்து நெறிகளை வில்சன், யங்னர் என்னும் இருவர் வகுத்தனர். நோய் பெரிதாக இருக்கவேண்டும், அதற்கு ஏற்ற மருத்துவம் இருக்கவேண்டும், அந்த மருத்துவம் கிடைக்க வழி இருக்கவேண்டும், யாருக்கு மருத்துவம் செய்வது என்பதில் தெளிவு வேண்டும் என்பன அவற்றுட் சில. எனக்கு இவற்றைப் படித்தபோது நம் மும்மணிகள் நினைவுக்கு வந்தன. நற்காட்சி என்பது கண்ணாற் காண்பதன்று. மெய்ப்பொருளில் தெளிவு என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆயினும் உவமையாகச் சொல்கிறேன். ஸ்கேன் தருவது வெறுங்காட்சி. கண்டது இன்னதென்று அறிவது ஞானம். அறிந்தவாறு நடப்பது ஒழுக்கம். மூன்றும் கூடினாலன்றி விடுதலை இல்லை என்று நம் சமயம் கூறுகிறது. நோயிலிருந்து விடுதலையும் அப்படித்தான்.

ஸ்கேன் அறிக்கையைக் கூர்ந்து படித்தால் நமக்கு வேறொன்றும் புலப்படும். இது கட்டி என்று அவ்வறிக்கை அறுதியிட்டுக் கூறுவது அரிது. இவ்வாறு இருக்கக்கூடும், மருத்துவ நிலையோடு ஒப்பிட்டுக் காண்க என்றே பெரும்பாலும் எழுதியிருக்கும். நம் ஆசாரியர்கள் ஒவ்வொரு கூற்றின் முன்னும் சேர்க்கச் சொன்ன ‘ஸ்யாத்’ என்னும் சொல்லைத்தான் அது தன் மொழியில் சொல்கிறது. ஒரு கோணத்தில் கண்டதை முழு உண்மை என்று கொள்ளாதே என்னும் அநேகாந்த நெறி அது. ஆதலால் அறிக்கைத் தாளை வைத்துக்கொண்டு நாமே நடுங்குவதும் நாமே மகிழ்வதும் கூடா. சிறுநீரகத்தில் ஒரு சிறு நீர்க்கட்டி என்று எழுதியிருந்தால் முதுமையில் அது பலர்க்கும் உள்ளதே. குறை ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாலும் உடலில் நோயே இல்லை என்பது பொருளன்று. இரத்த அழுத்தம் ஸ்கேனில் தெரியாது. சர்க்கரை தெரியாது. இதயக் குழாய் அடைப்பு தெரியாது. குடலுக்குள் காற்று இருப்பதால் குடற்புற்றுநோயின் தொடக்கம் பெரும்பாலும் தெரியாது. கருப்பைவாய்ப் புற்றுநோயின் தொடக்கமும் வயிற்று ஸ்கேனில் தெரியாது.

நம் நாட்டில் 30 வயது கடந்தோர்க்கு அரசு பரிந்துரைக்கும் சோதனைகள் எவை? இரத்த அழுத்தம், சர்க்கரை, வாய்ப்புற்று, மார்பகப்புற்று, கருப்பைவாய்ப்புற்று ஆகிய ஐந்துமே. தமிழகத்தில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் அழுத்தமும் சர்க்கரையும் வீட்டுக்கே வந்து பார்க்கப்படுகின்றன. இவ்வைந்தில் ஒன்றுக்கேனும் வயிற்று ஸ்கேன் தொடக்கச் சோதனை அன்று. கையில் கட்டும் பட்டையும், ஒரு துளி இரத்தமும், பயிற்சி பெற்ற செவிலியரின் கண்ணுமே போதும்.

நம் இல்லங்களுக்கே உரிய சிலவற்றையும் சொல்லவேண்டும். மதுவைத் தொடாத குடும்பங்களிலும் கல்லீரலில் கொழுப்பு படிகிறது. மூன்று வேளையும் அரிசி, விழாதோறும் இனிப்பு, நடை குறைந்த வாழ்வு ஆகியவை கூடினால் மது வேண்டியதில்லை. ஸ்கேனில் அது தெரியும்; ஆனால் மிகுதியாகப் படிந்த பிறகே தெளிவாகத் தெரியும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் பெரும்பாலும் அது கரையும். புலால் உண்ணாதவர்க்கு வைட்டமின் பி12 குறைவது உண்டு. கால் மரத்தல், மறதி, சோகை என்று அது வெளிப்படும். பால் தயிர் குறைவாகக் கொள்வோர் இரத்தச் சோதனை செய்துகொள்வது நலம். அந்திக்குப் பின் நீரும் அருந்தாத விரதியர், கோடையில் பகற்பொழுதிலேயே வேண்டிய அளவு நீர் பருகவேண்டும். இல்லையேல் சிறுநீரகக் கல்லுக்கு இடமாகும்.

இனி நான் சொல்லவந்த முதன்மையான செய்திக்கு வருகிறேன். உடலுக்குள் மறைந்திருக்கும் நோயைத் தேடவே கருவி வாங்குகிறோம். ஆனால் நம் வீடுகளில் உயிர் குடிப்பவை பெரும்பாலும் மறைந்த நோய்கள் அல்ல, மறைத்த நோய்கள்.

என் உறவினர் ஒருவர்க்கு மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகள் கழிந்தபின் மீண்டும் உதிரப்போக்கு கண்டது. மகளின் திருமணம் நிச்சயமாகியிருந்தது. இப்போது இதைச் சொன்னால் செலவு, அபசகுனம், மணமகன் வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று எட்டு மாதங்கள் வாய் திறக்கவில்லை. திருமணம் முடிந்தபின் சொன்னார். அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். கருப்பையின் உட்சுவர் தடித்திருந்தது. சதையாய்வில் புற்றுநோய் என்று தெளிந்தது. அறுவைக்குப் பின் கதிர்வீச்சும் வேண்டியிருந்தது. இன்று அவர் நலமாக இருக்கிறார். முன்னரே வந்திருந்தால் அறுவையோடு முடிந்திருக்கும் என்றார் மருத்துவர். அந்த எட்டு மாதமும் அந்நோய் யாருக்கு மறைந்திருந்தது? அவருக்கு மறைந்திருக்கவில்லை. அவர் அதனை நமக்கு மறைத்தார். மறைக்கும்படி நாம் நடந்துகொண்டோம்.

எனவே சகோதரிகளே, உரத்துச் சொல்கிறேன். மாதவிடாய் நின்றபின் உதிரம் கண்டாலும், மார்பில் கட்டி தட்டுப்பட்டாலும், சிறுநீரில் உதிரம் கலந்தாலும், வயிறு காரணமின்றி உப்பினாலும், எடை தானாகக் குறைந்தாலும், கண் மஞ்சளித்தாலும் முகாம் வரும்வரை காத்திருக்க வேண்டா. அது தடுப்புச் சோதனை அன்று, மருத்துவத்தின் முதற்படி. ஆடவர்களே, சிறுநீர் தடைப்படுவதை முதுமை என்று சொல்லிப் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டா.

எல்லாம் வினைப்பயன், சோதித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கும் பெரியோரும் நம்மிடையே உண்டு. அவர்களை வணங்கிச் சொல்கிறேன். துன்பம் தருவது அசாதா வேதநீயம் என்னும் வினையே, மறுக்கவில்லை. ஆனால் வினை தன் பயனைத் தருவதற்குப் பொருள், இடம், காலம், மனநிலை ஆகியவை துணையாகின்றன என்பதும் நம் நூல்களின் முடிபு. முயற்சிக்கு இடமில்லை என்று ஜினர் சொல்லவில்லை. முயற்சியால் வினையை உதிர்ப்பதே நம் நெறி. மற்றொரு புறம், வயது மிக முதிர்ந்து, உடற்பற்றைக் குறைத்து, அமைதியோடு நாள் கழிக்கும் பெரியோரை ஸ்கேன் நிலையத்துக்கு இழுத்துச் சென்று, அறுவைக்குத் தாங்காத உடலில் நோயைத் தேடுவதும் வேண்டா. வலி தீர்ப்பதும் உடனிருப்பதுமே அவர்கட்குரிய மருந்துதானம்.

அறங்காவலர்கள் அறியவேண்டிய சட்டமும் ஒன்றுண்டு. கருவில் உள்ள குழந்தை ஆணா பெண்ணா என்று அறிந்து பெண்ணை அழிக்கும் கொடுமையைத் தடுக்க 1994இல் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி ஸ்கேன் கருவி எதுவாயினும் பதிவு பெற்ற இடத்தில்தான் இயங்கவேண்டும். கையடக்கக் கருவியை விரும்பிய மண்டபத்துக்குக் கொண்டுவந்து வைக்க விதி இடந்தராது. பதிவு பெற்ற மருத்துவமனையிலோ, பிற மருத்துவப் பணிகளும் செய்யும் பதிவு பெற்ற ஊர்தியிலோதான் அதனைப் பயன்படுத்தலாம். இச்சட்டத்தைத் தடையாக எண்ணாமல் அபயதானமாகவே நான் எண்ணுகிறேன். பிறவாத பெண்ணுயிர்க்கு நாடு அளித்த அடைக்கலம் அது.

இவை யாவும் கருதி நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: முகாமில் அனைவர்க்கும் இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீரில் புரதம், சோகை ஆகியவற்றைப் பார்ப்போம். பெண்களுக்குப் பெண் மருத்துவரைக் கொண்டு, மறைவான தனியறையில், மார்பக, கருப்பைவாய்ச் சோதனைகள் செய்வோம். அவ்வறையில் யாரும் கேளாமல் பேசவும் நேரம் ஒதுக்குவோம்.

இரண்டு: ஸ்கேன் யாருக்கு வேண்டும் என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அறிகுறி உடையவர், கல்லீரல் சுருங்கியவர், பெற்றோர்க்குச் சிறுநீரகத்தில் பரம்பரை நீர்க்கட்டி நோய் இருந்தவர், நெடுங்காலம் புகைபிடித்த 65 வயது கடந்த ஆடவர் போன்றோர்க்குச் சீட்டு எழுதித் தந்து பதிவு பெற்ற நிலையத்தில் நம் செலவில் எடுப்போம். கல்லீரல் சுருங்கியவர்க்கு ஆறு திங்களுக்கு ஒருமுறை எடுக்கவேண்டும் என்பதால் தொடர்ந்து செலவு செய்வோம்.

மூன்று: திரட்டும் நிதியில் பாதியைச் சோதனைக்கும் பாதியைச் சோதனைக்குப் பின் வரும் மருத்துவத்துக்கும் ஒதுக்குவோம். நோய் இருக்கிறது என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்புவது தானம் ஆகாது.

நான்கு: நாளைத் தேர்ந்து வைப்போம். பித்தப்பை தெளிவாகத் தெரிய ஆறு மணி நேரத்திற்கு மேல் உண்ணாமல் வரவேண்டும். இரவுண்ணாமை காப்போர் காலையில் வந்தால் அதுவே போதும். நம் ஒழுக்கம் இங்கே நமக்குத் துணை. ஆனால் கருப்பையும் சிறுநீர்ப்பையும் தெரிய நீர் நிறைய அருந்தவேண்டும். ஆதலால் அட்டமி, சதுர்த்தசி போன்ற உபவாச நாட்களில் ஸ்கேனுக்கு நாள் குறிக்கலாகாது. சர்க்கரைக்கு மாத்திரை உண்போர் பட்டினியாக வருமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

இன்று இல்லம் திரும்பியதும் ஒவ்வொருவரும் ஒன்று செய்யுங்கள். உங்கள் தாயாரிடமோ, மனைவியிடமோ, மாமியாரிடமோ, தனியே வாழும் அத்தையிடமோ அருகில் அமர்ந்து, உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்பார்கள். இன்னொரு முறை கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்துவிட வேண்டா. எந்த ஸ்கேன் கருவியும் காணாததை அந்தக் கேள்வி காணும்.

எல்லா உயிர்களும் நோயின்றி வாழ்க! ஜினதர்மம் ஓங்குக!